நாலாவது கன்னியின் எண்ணெய்

கோபிகிருஷ்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அடங்கிக் கிடந்திருந்தால் இவ்வளவு கூத்தும் நடந்திருக்காது. அடங்கவில்லை. அதுவும் எங்கே திறந்துகொண்டது தெரியுமா? பிரமிளாவின் அப்பா எதிரில்.

பிரமிளாவின் அப்பா செங்கல்வராயன், ஆந்திராவின் விஜயபுரம் மண்டலத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாக நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்துக்காரர். அவர் மாட்டுக் கொட்டகையின் மூலையில் ஒரு ஜீப் கிடந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவம் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது அவருடைய அப்பா மெட்ராஸ் போய் எடுத்து வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே நின்றுபோன வண்டி, அதற்குப் பிறகு கோழிகளுக்குத்தான் சொந்தம். அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன மகன் யஸ்வந்த் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"நைனா, அந்த ஜீப்ப வித்துகித்து தொலைச்சிடாத. இங்கெல்லாம் அந்த வண்டிய ரெடி பண்ணி சாமி மாதிரி வச்சிருக்கறாங்க. ஆனா எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்."

போனை வைத்ததும் செங்கல்வராயன் முதல் வேலையாகக் கோழிகளைத் துரத்தினார். இரண்டாவது வேலையாகக் கோபிகிருஷ்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

கோபியும் அதே ஊர்தான், ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம். அவன் நைனா முனிசாமி ஒரு காலத்தில் செங்கல்வராயன் நிலத்தில் கூலிக்கு நின்றவர். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் வேர்க்கடலையும் சில ஆடுகளும் வைத்திருக்கிறார். கோபி, ஈராக் சண்டை முடிந்த கையோடு குவைத்துக்குப் போய், பழைய யுத்த வண்டிகளைச் சேர்த்து வைக்கிற பைத்தியம் பிடித்த ஒரு ஷேக்கின் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து ரேணிகுண்டாவில் சொந்த ஷெட் போட்டிருந்தான். கண்ணைக் கட்டிவிட்டு எந்த இரும்பைக் கையில் கொடுத்தாலும் எந்த வண்டியுடையது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வான். பாதி உண்மை. மீதி வாய்.

கொட்டகையில் ஜீப்புக்கு அடியில் புகுந்து, தலை நிறைய ஒட்டடையோடு வெளியே வந்தவன், வாசலில் மோர் டம்ளரோடு பிரமிளா நிற்பதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டான்.

"முன்னாடி இந்தக் குறுக்குச் சட்டத்தப் பாருங்க ஐயா. இது உருண்டையா குழா மாதிரி இருந்தா வில்லிஸ் கம்பெனி. இது மடிச்ச தகடு, பொட்டி மாதிரி கீது. ஃபோர்டு! ரெண்டு பேருமே ஒரே ஜீப்பத்தான் சண்டைக்கு செஞ்சாங்க. ஆனா ஃபோர்டுகாரன் இன்னா பண்ணான் தெரியுமா? ஒவ்வொரு போல்ட்டுலயும் தன் எழுத்தக் குத்திட்டான். இங்க பாருங்க, எஃப். இங்க ஒண்ணு, எஃப். உருப்படிக்கு உருப்படி இருக்கும். எஃப் இல்லன்னா அது இந்த வண்டியோடதே இல்ல!"

செங்கல்வராயன் டார்ச் அடித்துப் பார்த்தார். எஃப். இன்னொரு போல்ட். எஃப். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கோபியும் மலர்ந்தான். தன் கழுத்துக்குத் தானே சுருக்கு முடிந்துகொண்டது அப்போது அவனுக்குத் தெரியாது.

பிரமிளா புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். அவள் காலையில் ஏறுகிற பஸ்ஸில்தான் கோபியும் ரேணிகுண்டா போவான். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், இவன் பின்படி. முதலில் பார்வை, அப்புறம் சில்லறை மாற்றித் தருவது, அப்புறம் கண்டக்டரே இரண்டு டிக்கெட்டையும் சேர்த்துக் கிழிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்தக் கண்டக்டர்தான் ஒரு கல்யாண வீட்டில் செங்கல்வராயன் காதில் விஷயத்தைப் போட்டவன். ஊர் முழுக்க வெட்டு குத்து என்று எதிர்பார்த்துக் காத்திருந்தது.

செங்கல்வராயன் கத்துகிற ஆள் இல்லை. சிரிக்கிற ஆள். அதுதான் அவரிடம் பயப்பட வேண்டியது. முனிசாமியையும் கோபியையும் வரவழைத்து, நாலு பேர் நடுவில் நிற்கவைத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பொண்ணு கேக்கறியாமே. கேளு, தப்பில்ல. மொதல்ல எங்க நைனா ஜீப்ப ஓட்டிக்கினு வந்து என் வாசல்ல நிறுத்து. ஆனி மாசம் யஸ்வந்த் வரான், அதுக்குள்ள. நீயே சொன்ன இல்ல, உருப்படிக்கு உருப்படி எஃப் இருக்கும்னு? நான் டார்ச் அடிச்சிப் பாப்பேன். ஒண்ணுல இல்லன்னாலும் பேச்சு முடிஞ்சிது. கலப்பு எனக்கு ஆவாது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் ஜீப்பைப் பார்க்கவில்லை. நின்ற நாலு பேருக்கும் அது புரிந்தது. கோபிக்கும் புரிந்தது. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா?

"சரே. ஒத்துக்கினேன்" என்றான்.

மறுநாள் பஸ்ஸில் பிரமிளா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னலுக்குச் சொன்னாள். "ஒத்துக்கினு வந்தியாமே. முட்டாளு. எங்கண்ணன் தனியா வரல. கூட வேலை செய்யறவன் ஒருத்தனக் கூட்டிக்கினு வரான், என்னப் பாக்கறதுக்கு. நீ எஃப்பு எஃப்புன்னு தேடிக்கினு இரு, நான் நியூஜெர்சில துணி துவைச்சிக்கினு இருப்பேன்."

"அங்க மெஷின் துவைக்குமாம்."

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. அந்தச் சிரிப்பு ரேணிகுண்டா வரைக்கும் கோபியின் கூடவே வந்தது, இறங்கின பிறகும் போகவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது ஓட்டம். ஜீப்பின் பானெட் செங்கல்வராயன் வீட்டிலேயே வேர்க்கடலைக் குதிருக்கு மூடியாக இருந்தது. பின் சீட்டின் சட்டம் நகரியில் ஒரு முடிதிருத்தும் கடையில், வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சுக்குள் இருந்தது. உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு, பெஞ்சைக் கவிழ்த்து, எஃப்பைக் கண்டுபிடித்து, அந்த மனிதரையே கட்டிக்கொண்டான். குப்பம் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் செத்துக் கிடந்த வேறொரு ஃபோர்டு ஜீப்பிலிருந்து ஆக்சிலும் பிரேக் டிரம்மும் வந்தன. குவாரிக்காரர் கன்னடத்தில் திட்டினார், இவன் தெலுங்கில் கும்பிட்டான், விஷயம் தமிழில் முடிந்தது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து இறக்கும்போது செங்கல்வராயன் டார்ச்சோடு வந்து, எஃப்பைப் பார்த்து, சிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போவார்.

எல்லாம் கிடைத்தது. கியர் பாக்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. பிற்காலத்து ஜீப்புகளின் கியர் பாக்ஸ் ரேணிகுண்டாவில் எடைக்குக் கிடைக்கும், ஆனால் அது யுத்த காலத்துப் பெட்டி இல்லை. கியர் பாக்ஸ் இல்லாத வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். கோபி சென்னை, வேலூர் என்று அலைந்தான், வாயைக்கூட மூடிவிட்டான். அவன் பேசாமல் இருப்பதைப் பார்த்து முனிசாமிக்கே கவலை வந்துவிட்டது.

"எங்கெங்கியோ போறியே, கன்னிமாருகிட்ட கேட்டியாடா?" என்றார் முனிசாமி.

கன்னிமார் செங்கல்வராயன் கிணற்றுமேட்டில், புங்க மரத்தடியில் வரிசையாக நிற்கும் ஏழு பேர். மஞ்சள் பூசின ஏழு கற்கள். ஊரில் எல்லாருக்கும் அவர்கள்மேல் பக்தி உண்டு. நாலாவது கன்னிமேல் மட்டும் பக்தியோடு கொஞ்சம் பயமும் உண்டு, ஏனென்றால் கோடை வந்தால் அவள் எண்ணெய் விடுவாள். வெயில் ஏற ஏற அவள் காலடியில் கறுப்பாக, கெட்டியாக எண்ணெய் கசியும். அதைத் தடவினால் முட்டிவலி போகும் என்று புத்தூர், நகரியிலிருந்தெல்லாம் ஆட்டோ வைத்துக்கொண்டு வருவார்கள். வெள்ளிக்கிழமைகளில் பிரமிளாவின் அம்மா ஜெயம்மாதான் பூசை. ஊர்க்காரர்கள் மரத்தடியில் கிட்டே நின்று உள்ளங்கையில் எண்ணெய் வாங்குவார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வரப்பைத் தாண்டாமல் நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு பூவரச இலையில் வைத்து வரப்பின்மேல் வைத்துவிடுவாள்.

கோபியும் வெள்ளிக்கிழமை தோறும் போய் வரப்பில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயே, ஒரு கியர் பாக்ஸ் காட்டு, ஒரே ஒரு கியர் பாக்ஸ்" என்று மனமுருகி வேண்டினான். இலையில் கிடைத்த எண்ணெயை அப்படியே மடித்துக் கொண்டுபோய் நைனாவின் முட்டியில் தேய்த்தான்.

சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெயம்மா கற்பூரத்துக்குத் தீப்பெட்டி தேடித் திரும்பிய நேரத்தில், பிரமிளா இலையையெல்லாம் எடுக்கவில்லை. நாலாவது கன்னியின் காலடியில் விரலை வைத்து அள்ளிக்கொண்டு, நேராக வரப்புக்கு வந்து, கோபியின் நெற்றியில் புருவத்திலிருந்து முடிவரைக்கும் அப்பிவிட்டாள்.

"யார் பாத்தா இன்னா" என்றாள்.

அவள் விரல் பட்ட இடம் குளிர்ந்ததா சுட்டதா என்றுகூடக் கோபிக்குத் தெரியவில்லை. தலை கிறுகிறுத்தது. வரப்பு வழியே நடந்தான் என்று சொல்ல முடியாது, மிதந்தான். ஏரிக்கரை வரைக்கும் போயிருப்பான். வேர்வையில் எண்ணெய் வழிந்து, மூக்கின்மேல் இறங்கி, நுனியில் வந்து நின்றது.

கோபியின் மூக்கு விடைத்தது.

மஞ்சள். கற்பூரம். நல்லெண்ணெய். அதற்கெல்லாம் அடியில், மெதுவாக, அழுகின முட்டையும் எரிந்த இரும்பும் கலந்தாற்போல ஒரு நாற்றம். குவைத்தில் அவன் தலையணையிலும் சோற்றிலும் வீசின நாற்றம். தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்!

"அய்யய்யோ தாயே" என்று அலறிக்கொண்டு திரும்பி ஓடினான். பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. வரப்பு எங்கே, எல்லை எங்கே என்று எதுவும் அவன் கண்ணில் படவில்லை. நேராகப் போய் நாலாவது கன்னியின் முன்னால் விழுந்து, அவளைக் கட்டிப்பிடித்து, மோந்து பார்த்து, விரலால் தட்டினான். கல் இப்படிச் சத்தம் கொடுக்காது. "ணங்" என்றது. உச்சியில் பூ செருகியிருந்த குழிக்குள் விரலை விட்டான். கியர் லீவர் நிற்கிற துளை!

"டேய்! கன்னியக் கட்டிப் புடிச்சிக்கினு இன்னாடா பண்ற?"

தூக்குச் சட்டியோடு ஜெயம்மா நின்றிருந்தாள். பின்னால் பிரமிளா, வாயைப் பொத்திக்கொண்டு.

"அம்மா... இது... கியர் பாக்ஸும்மா."

ஜெயம்மா கத்தப் போகிறாள் என்று கோபி கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். ஜெயம்மா தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபுடிச்சிட்டான்டி" என்றாள் மகளிடம். "இம்மா நாளு ஆச்சி இவனுக்கு!"

அவள் மாமனார், அதாவது செங்கல்வராயனின் அப்பா, ஜீப் ஓட்டப் பழகின புதிதில், திருப்பத் தெரியாமல் திருப்பி, நாலாவது கன்னியின்மேல் ஏற்றிவிட்டாராம். கல் இரண்டாகப் பிளந்துபோயிற்று. மனிதர் நடுங்கிப் போனார். "உன்ன ஒடச்ச வண்டி இனிமே ஓடாது தாயே. அதோட உயிர உன் எடத்துல வச்சிடறேன்" என்று நேர்ந்துகொண்டு, வண்டியின் கியர் பாக்ஸைக் கழற்றி, அவளிருந்த இடத்தில் நட்டு, மஞ்சள் பூசிவிட்டார். பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார். அவள் பூசையை ஒப்படைக்கும்போது மருமகளிடம் சொன்னாள். ஆண்களுக்குச் சொன்னால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவார்கள் என்று வீட்டுப் பெண்கள் மூச்சு விடவில்லை. ஜனங்கள் உச்சியில் ஊற்றின எண்ணெயெல்லாம் பெட்டிக்குள் இறங்கி, பழைய ஆயிலோடு கலந்து, கோடைச் சூட்டில் இளகி வெளியே வந்தது.

"அப்ப ஏம்மா சொல்லல? நான் ஜில்லா ஜில்லாவா சுத்தினேன்!"

"சுத்தட்டும்னுதான் உட்டேன். பொண்ணக் குடுக்கறவ பாக்க வேணாமா, ஆளு எம்மா தூரம் சுத்துவான்னு?"

கோபிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தான். இந்தியாவில் வேறெந்தக் கியர் பாக்ஸுக்கும் வாரம் தவறாமல் இப்படி எண்ணெய் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

செங்கல்வராயனிடம் சொன்னபோது அவர் முதல்முறையாகச் சிரிக்க மறந்தார். "எங்க கொலசாமிய கியருன்னு சொல்றியா?" என்று குதித்தார். ஜெயம்மா மாமியார் சொன்னதைச் சொன்னதும் குதிப்பு நின்றது, ஆனால் பிடி விடவில்லை. "அவ இஷ்டப்பட்டா போவட்டும். பூ கேக்கலாம். தலையில வச்ச பூ வலது பக்கம் உழுந்தா உத்தரவு. இல்லன்னா யாரும் தொடக் கூடாது."

நல்ல நாள் பார்த்து, ஆனி பிறந்த பிறகுதான் ஊரே கிணற்றுமேட்டில் கூடியது. நாலாவது கன்னியின் உச்சியில் செவ்வரளி வைத்தார்கள். பூ எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. வலமும் விழவில்லை, இடமும் விழவில்லை. வெயில் ஏறியது. ஜனங்கள் முந்தானையையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டார்கள். செங்கல்வராயனுக்குச் சிரிப்பு மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த நேரத்தில், முனிசாமியின் ஒற்றைக் கொம்பு ஆடு எங்கிருந்தோ புகுந்து, கன்னியின்மேல் முன்னங்காலை வைத்து, பூவை எடுத்துத் தின்றுவிட்டுப் போயிற்று.

கூட்டம் ஆட்டையும் கன்னியின் காலி உச்சியையும் மாறி மாறிப் பார்த்தது.

"அது எந்தப் பக்கம் வந்து துன்னுச்சி?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"வலது பக்கந்தான்" என்றார் முனிசாமி, வரப்பின் அந்தப் பக்கத்திலிருந்து. அவர் மடியில், ஆட்டுக்குத் தின்னப் பழக்கியதில் மிச்சமான இரண்டு அரளிப் பூ இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அரளி ஆட்டுக்கு ஆகாது என்பதும், அந்த ஆட்டுக்கு எதைத் தின்றாலும் ஒன்றும் ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஊர் அன்றே தீர்ப்பைச் சொல்லிவிட்டது. கன்னி புருஷன் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறாள். ஜெயம்மா அவளுக்கு மஞ்சள் புடவை சுற்றி, வளையல் சாத்தி, வெற்றிலை பாக்கு வைத்து, பெண்ணை அனுப்புகிற மாதிரியே கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினாள். காலி இடத்தில் புதுக் கல் ஒன்று நட்டார்கள். ஒவ்வோர் ஆடி மாசமும் போனவள் பிறந்த வீட்டுக்கு வந்து அக்கா தங்கைகளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கொட்டகையில் கிடந்த ஜீப்பையும் மாடு பூட்டி, ஏரிக்கு அந்தப் பக்கம், முனிசாமி வீட்டுப் புளிய மரத்தடிக்கு இழுத்துப் போனார்கள். அங்கே கோபி கியர் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சளைச் சுரண்டினான். அடுக்கு அடுக்காக வந்தது. கடைசி அடுக்கு போனதும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. டி-84 என்று அச்சு. யுத்த காலத்துப் பெட்டியேதான், சந்தேகமே இல்லை. திருப்பிப் பார்த்தான். எஃப்பைத் தேடினான். மறுபடியும் திருப்பினான்.

எஃப் இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. குவைத்தில் அவன் மேஸ்திரி ஒருநாள் சொன்னார், ஃபோர்டும் வில்லிஸும் கியர் பாக்ஸைத் தாங்களே செய்யவில்லை, இருவருமே வெளியே வாங்கித்தான் போட்டார்கள் என்று. கோபி அப்போது குபூஸ் ரொட்டி தின்பதில் மும்முரமாக இருந்தான், காதில் வாங்கவில்லை.

கை தானாக உளியைத் தேடியது. ஒரே ஒரு எழுத்து. மூன்று கோடு. யாருக்குத் தெரியப் போகிறது? மறுநாள் காலையில் யஸ்வந்த் வந்து இறங்குகிறான். உளியை வைத்து, சுத்தியலை ஓங்கினான்.

"குத்தாத."

பிரமிளா வேலைக்குப் போகிற பையோடு மரத்தடியில் நின்றிருந்தாள். ஏரியைத் தாண்டி அவள் வந்தது அதுவே முதல்முறை.

"எஃப் இல்ல பிரமிளா. டார்ச் அடிப்பாரு. பேச்சு முடிஞ்சிது."

"முடிஞ்சா முடியட்டும். பொய்யா ஒரு எழுத்தக் குத்திக்கினு வந்தா, அப்புறம் உன் தலையிலயும் ஒண்ணு குத்தச் சொல்லுவாரு. இவ எப்பிடி கீறாளோ அப்பிடியே கொண்டா. நீயும் அப்பிடியே வா." கொஞ்சம் நிறுத்தி, "நான் தெரு முனையில நிப்பேன்" என்றாள்.

சுத்தியல் கீழே இறங்கியது. கியர் பாக்ஸ் மேலே ஏறியது. சாயங்காலம் வண்டி உயிர் பெற்று உறுமியபோது ஏரிக்கு அந்தப் பக்கமே விசிலடித்தது. கோபி கியரைத் தள்ளினான். விழவில்லை. இரண்டாவது? விழவில்லை. மூன்றாவது? அதுவும் இல்லை. நெடுங்காலம் நின்ற இடத்திலேயே நின்றவளுக்கு ரிவர்ஸ் மட்டும்தான் விழுந்தது.

"பொறந்த வீட்டுக்குத் திரும்பித்தான் போவேன்றா" என்றார் முனிசாமி. "உட்றா. ஓட்டிக்கினு வான்னுதானே சொன்னாரு? முன்னாடி பாத்துக்கினுதான் வரணும்னா சொன்னாரு?"

அப்படியாக அந்த ஊரில், வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு ராணுவ ஜீப் பின்பக்கமாக ஊருக்குள் நுழைந்தது. கோபி கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்னால் பார்த்து ஓட்டினான். பின்சீட்டில் முனிசாமி எழுந்து நின்று, "வா வா வா, சோத்துக்கைப் பக்கம், மாடு, மாடு, சரி, போலாம் ரைட்" என்று கண்டக்டர் மாதிரி கத்தினார். வாழ்நாளில் அவர் அந்தத் தெருவில் சத்தம் போட்டதில்லை. பின்னால் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். தெரு முனையில் பிரமிளா கையைக் காட்டினாள். நிறுத்தினால் மறுபடியும் கிளம்புமோ என்னவோ என்று கோபி நிறுத்தவில்லை. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பயமும் அந்தச் சிரிப்பிலேயே கலந்திருந்தது.

வண்டி செங்கல்வராயன் வாசலில் முதுகைக் காட்டி நின்றது.

அவர் டார்ச்சோடு தயாராக இருந்தார். மகள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே கால் மட்டும் தெரிந்தது.

"எஃப்" என்று குரல் வந்தது. "எஃப். எஃப்."

ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "எஃப்" என்று திருப்பிச் சொல்லிற்று. அப்புறம் குரல் நின்றது. கூட்டமும் நின்றது. பிரமிளா கோபியின் கையைப் பிடித்தாள். எல்லார் எதிரிலும்தான்.

"இதுல இல்லியேடா" என்றது அடியிலிருந்து குரல்.

"இல்ல மாமா." மாமா என்று எப்படி வந்தது என்று கோபிக்கே தெரியவில்லை. வந்துவிட்டது. "ஃபோர்டுகாரன் கியர் பாக்ஸ் செய்யவே இல்ல. வெளிய வாங்கித்தான் போட்டான். நான்தான் தெரியாம வாய உட்டேன். உங்க நைனா மெட்ராஸ்ல ஏலம் எடுக்கறப்பவே இது கலந்த வண்டிதான். நான் ஒரு எஃப் குத்திக் கொண்டாந்திருக்கலாம். கொண்டாரல."

கால்கள் அசையவில்லை. வாசற்படியில் நின்ற ஜெயம்மா கேட்டாள்.

"இன்னாங்க, இம்மா வருஷம் உழுந்து கும்புட்டவகிட்ட இப்ப போயி முத்திரை கேக்கறீங்களா?"

அடியில் டார்ச் வெளிச்சம் கியர் பாக்ஸின்மேல் நின்றது. எவ்வளவு சுரண்டியும் போகாத மஞ்சள் அதன் இடுக்குகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வரும் வழியெல்லாம் சூடேறியிருந்த பெட்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் இறங்கி, நேராக அவர் நெற்றியில் விழுந்தது.

செங்கல்வராயன் மெதுவாக வெளியே வந்தார். டார்ச்சை அணைத்தார். பழக்கம் போகுமா, நெற்றியில் விழுந்த எண்ணெயை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகளைப் பார்த்தார், அவள் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பின்சீட்டில் இன்னும் நின்றுகொண்டிருந்த முனிசாமியைப் பார்த்தார்.

"ஜெயம்மா, ஆரத்தி கரைச்சி எடுத்தா."

"வண்டிக்கா?" என்றாள் ஜெயம்மா.

"வண்டிக்கும்" என்றார்.